எண்ணெய் தீர்வதற்குள்

திருத்தணி
14-9-1986

அன்புள்ள மனோ,

உன் கடிதம் அன்னம்மாளின் பூப் பொட்டலத்துக்குள் நனைந்து வந்தது. பாதி மை கரைந்துவிட்டது. ஆனாலும் இனி அவள் பெயருக்கே எழுது. படிக்கட்டு ஆரம்பத்தில் பூ விற்கும் அன்னம்மாள் என்றால் தபால்காரருக்குத் தெரியும். வீட்டுக்கு மட்டும் எழுதாதே. நிச்சயமான பெண்ணுக்கு மெட்ராஸிலிருந்து என்ன கடிதம் என்று பாவாவின் அம்மா கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து நைனா தபால்காரர் மணி அடித்தாலே தறி ரூமிலிருந்து எழுந்து வருகிறார்.

ஆமாம், நிச்சயம். பொதட்டூர்பேட்டை அத்தை மகன் ஜெகநாதன் பாவாவுக்கு என்று நான் பிறந்தபோதே பேசியதுதான். இப்போது தை மாதம் என்று சொல்லிவிட்டார்கள். பதினோராம் வகுப்பு முடியும்வரையாவது விடுங்கள் என்று கௌரியம்மாள் டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்டார். நைனா கோபப்படவில்லை. "படிச்சி இன்னா செய்யப் போறா, ஏதாச்சும் ஒண்ணு கண்ணால காட்டுங்க டீச்சர், நிறுத்தி வெக்கிறேன்" என்றார். டீச்சர் என்னைப் பார்த்தார். என்னிடம் காட்ட எதுவும் இல்லை.

அப்போதுதான் உன் பள்ளியில் டிசம்பரில் கம்ப்யூட்டர் கண்காட்சி என்று நீ எழுதினாய். மனோ, நம் ஆட்டம் அதில் வைக்கப்பட்டு, அழைப்பிதழில் என் பெயரும் இருந்தால் டீச்சர் அதை எடுத்துப் போய் நைனாவிடம் காட்டுவார். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கோடையில் நீ உன் பள்ளிக்கு அழைத்துப் போனபோது அந்தக் கம்ப்யூட்டரை நான் ஒரே ஒரு தடவைதான் தொட்டேன். அதன் பிறகு எல்லாம் நீ காப்பி எடுத்து அனுப்பிய பாடங்களும், நைனா லுங்கிக் கட்டம் போடுகிற கட்டத் தாளும்தான். இதோடு இருக்கும் எட்டுத் தாளிலும் ஆட்டம் முழுவதும் இருக்கிறது. இருட்டில் ஒருத்தி அகல் விளக்கோடு நிற்கிறாள். ஒவ்வொரு படியிலும் ஒரு மாளிகை. அதன் அறைகளையும் சுவர்களையும் கம்ப்யூட்டரே ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டும். அதனால் போன தடவை போன வழி இந்தத் தடவை உதவாது. நடக்க நடக்க எண்ணெய் குறையும், வெளிச்சம் சுருங்கும். பூதம் ஒன்று அலையும். கதவைக் கண்டுபிடித்தால் அடுத்த படி. பூதம் பிடித்தாலோ எண்ணெய் தீர்ந்தாலோ முதல் படி.

சனிக்கிழமை கம்ப்யூட்டரில் தட்டிப் பார். ஒரு எழுத்துகூட மாற்றாதே.

கரண்டு இரவில்தான் ஒழுங்காக வருகிறது, அதனால் தறி இரவில்தான் ஓடுகிறது. அந்தச் சத்தம் இருக்கும்வரை நான் எழுதலாம். நின்றால் பேனா சத்தம்கூடக் கேட்கும்.

காஞ்சனா


பெரம்பூர்
28-9-1986

அடியே காஞ்சனா,

ஒரு எழுத்துகூட மாற்றாதே என்று எனக்கு உத்தரவு போடுகிறாய். உன் எழுத்தில் ஒன்று எது ஏழு எது என்று உன்னைப் பெற்றவளுக்கே தெரியாது. இரண்டு சனிக்கிழமை போயிற்று. நான் தட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்ற ராஜகோபால் என்கிற பையன், "இன்னா கோலம் போட்டுகினு கீறியா" என்று கேட்டான். தட்டியதைக் கேஸட்டில் பதிந்து வைத்தால் மறு வாரம் கம்ப்யூட்டரில் பாதிதான் ஏறுகிறது. மீதியை மறுபடி தட்டினேன். என் விரலைப் பார்த்தால் நீ அழுவாய்.

சரி, நல்ல செய்தி முதலில். மாளிகை வருகிறது. ஒவ்வொரு தடவையும் வேறு மாளிகை. நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

கெட்டது இரண்டு. ஒன்று, உன் விளக்கு சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறது. விளக்கைச் சுற்றி வட்டமாக வெளிச்சம் போடச் சொல்லியிருக்கிறாய், அது போடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பூதம் நிற்பது எனக்குத் தெரிகிறது. தெரிந்தால் என்ன பயம்?

இரண்டு, முக்கால்வாசி மாளிகையில் வெளியே போக வழியே இல்லை. நான் எண்ணெய் தீரும்வரை சுற்றிச் சுற்றி வந்து சாகிறேன். நேற்று மட்டும் எத்தனை தடவை செத்தேன் என்று எண்ணவில்லை. நீ எங்கோ தப்பாகக் கட்டியிருக்கிறாய்.

கல்யாண விஷயத்தை என் அம்மாவிடம் சொன்னேன். "பதினாறு வயசுக்கா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு சமையல் செய்யப் போய்விட்டாள்.

மனோரமா


திருத்தணி
9-10-1986

அன்புள்ள மனோ,

வெளிச்சம் தப்பு என்று நீ எழுதிய பிறகுதான் என் விளக்கையே சரியாகப் பார்த்தேன். நான் அடுக்களை மூலையில் கண்ணாடி உடைந்த சிம்னி விளக்கு வைத்து எழுதுகிறேன். வெளிச்சம் கூடத்துக்குப் போகாமல் இருக்க முறத்தை நிறுத்தி வைக்கிறேன். முறத்துக்குப் பின்னால் நல்ல இருட்டு. ஆனால் ஓரத்தில் ஒரு கோடு கசிந்து நேராகக் கூடத்துச் சுவர்வரை போகிறது. வெளிச்சம் வளையாது. எதிரில் ஒன்று இருந்தால் அங்கேயே நிற்கும், இல்லாவிட்டால் போய்க்கொண்டே இருக்கும். இவ்வளவுதான். அதை எழுதிவிட்டேன். விளக்கிலிருந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கோடு போடச் சொல், வழியில் சுவர் வந்தால் அந்தக் கோட்டை நிறுத்தச் சொல். தாள் மூன்றுக்குப் பதிலாக இந்தத் தாள்.

இன்னொன்றும் சேர்த்திருக்கிறேன். வருஷக் கடைசியில் மலையில் படித் திருவிழா நடக்குமே, ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றிக்கொண்டே போவார்களே. நாம் மேலே போய்விட்டாலும் கீழே ஏற்றியது கொஞ்ச நேரம் மினுக்கிக்கொண்டிருக்கும். அது மாதிரி, அவள் ஒரு தடவை பார்த்துவிட்ட இடம் முழு இருட்டாகக் கூடாது. மங்கலாக நிற்கட்டும். வந்த வழி தெரிந்தால் பயம் பாதி குறையும்.

வழியில்லாத மாளிகைக்குக் காரணம் தெரியவில்லை. தாளில் நான் போட்டுப் பார்ப்பது எல்லாம் அழகாக, சரியாக இருக்கிறது. ஒரு பிழையும் இல்லை. நீ தட்டுவதில்தான் தப்பு இருக்கவேண்டும்.

நேற்று நைனா தறியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். விளக்கை வாயால் ஊதாமல் திரியை விரலால் நசுக்கினேன். ஊதினால் சத்தம் கேட்குமே. இருட்டில் என் பக்கத்தில் நின்று சொம்பு நிறையக் குடித்தார். அவர் மூச்சு கேட்டது. அவருக்கு நான் தெரியவில்லை.

விரலில் கொப்புளம் வந்துவிட்டது. கையெழுத்து மோசமாக இருந்தால் திட்டாதே.

காஞ்சனா


பெரம்பூர்
26-10-1986

காஞ்சனா,

வெளிச்சம் வேலை செய்கிறது. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூலை திரும்பினால் இருட்டு மெல்ல விலகி ஓர் அறை திறக்கிறது. வந்த வழி பின்னால் மங்கலாகக் கிடக்கிறது. ராஜகோபால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு, "நான் ஒரு வாட்டி ஆடட்டுமா" என்று கேட்டான். பூதத்தை மூலையில் பார்த்ததும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். அந்த நேரம் நீ இங்கே இருந்திருக்க வேண்டும்.

ஆனால் வழி இன்னும் இல்லை. நான் சரியாகத்தான் தட்டுகிறேன், உன் தாளோடு மூன்று முறை ஒத்துப் பார்த்தேன். பழியை என் மேல் போடாதே.

இன்னொரு விஷயம். உனக்குக் கோபம் வரும், வந்தாலும் சொல்லியாக வேண்டும். கண்காட்சிக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் நேற்று. இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பெயர்தான் சேர்ப்போம் என்று கம்ப்யூட்டர் சார் சொல்லிவிட்டார். அதனால் என் பெயரை மட்டும் கொடுத்தேன். ஆட்டம் வெளியே போனால்தானே எதுவும் நடக்கும்? உன் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மனோரமா


திருத்தணி
2-11-1986

மனோரமாவுக்கு,

பிறகு என்பது உனக்கு இருக்கிறது. எனக்குத் தை மாதம்வரைதான் இருக்கிறது.

அழைப்பிதழில் உன் பெயரை வைத்துக்கொண்டு நான் நைனாவிடம் எதைக் காட்டுவேன்? மெட்ராஸில் எனக்கு ஒரு தோழி இருக்கிறாள், கெட்டிக்காரி, அவள் பெயர் அச்சில் வந்திருக்கிறது, அதனால் என் கல்யாணத்தை நிறுத்துங்கள் என்றா?

நேற்று பாவா வீட்டிலிருந்து சேலை எடுத்து வந்தார்கள். என் தோளில் போட்டுப் பார்த்தார்கள். நான் அசையாமல் நின்றேன். நல்ல பொண்ணு என்றார்கள்.

தாள்களைத் திருப்பி அனுப்பிவிடு. கேஸட்டை நீயே வைத்துக்கொள்.

காஞ்சனா


பெரம்பூர்
16-11-1986

காஞ்சனா,

தாள்களை அனுப்பமாட்டேன். என்ன செய்வாய்?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கிழித்தேன். என் சனிக்கிழமை எல்லாம் போனது உனக்குக் கணக்கில் இல்லையா என்று கோபம். பிறகு ஒட்டவைத்துப் படித்தேன். நீ சொன்னதுதான் சரி. நான் உன் பெயரை விட்டது சார் சொன்னதற்காக மட்டும் இல்லை. எல்லாரும் வந்து நின்று பார்த்தபோது அது என்னுடையது மாதிரி இருந்தது. நன்றாகவும் இருந்தது. அவ்வளவுதான், எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை அறைக்கு நேராகப் போனேன். இதை எழுதியது நான் இல்லை, எழுதினவள் பெயர் வராவிட்டால் ஆட்டமும் வராது என்றேன். அச்சுக்குப் போகும் முன் சேர்த்துவிட்டார்கள். 'ஆக்கம்: தே. காஞ்சனா, திருத்தணி'. என் பெயர் கீழே, சின்னதாக. விலாசம் கேட்டார்கள், உன் வீட்டு விலாசத்தையே கொடுத்துவிட்டேன். பள்ளி முத்திரையோடு தபாலில் உன் நைனா கையிலேயே வரும். அவர் கண்ணால் பார்க்கட்டும்.

இப்போது நீ எனக்குக் கடன்பட்டவள், ஏனென்றால் தப்பையும் நான்தான் கண்டுபிடித்தேன். உன் மாளிகைகளை எல்லாம் தாளில் வரைந்து வரிசையாக வைத்தேன். என் அம்மா காப்பி கொண்டுவந்தவள், "இன்னாடி இது, லுங்கி டிசைனா?" என்று கேட்டாள். பார்த்தால், இடது பக்கம் எப்படியோ வலது பக்கமும் அப்படியே. நீ பாதி மாளிகையைத்தான் கட்டச் சொல்லியிருக்கிறாய், மறுபாதியைத் திருப்பிப் போட்டிருக்கிறாய். இந்தப் பாதியில் கதவு இல்லையென்றால் அந்தப் பாதியிலும் இருக்காது. ஓரமாகப் போகும் வழி நடுவுக்கு வரவே வராது. தாளில் அழகாகத்தான் இருக்கும், உள்ளே மாட்டியவள்தான் சாகவேண்டும்.

இரண்டு கரையும் ஒன்று போல இருக்கவேண்டியது லுங்கிக்குத்தான், பைத்தியமே.

மனோ


திருத்தணி
7-12-1986

மனோ,

இது உனக்கு எப்போது வரும் என்று தெரியாது. ஜன்னல் கம்பி வழியாகத்தான் அன்னம்மாளிடம் கொடுக்க வேண்டும். நான் பத்து நாளாக வெளியே போகவில்லை. பள்ளிக்கும் இல்லை.

நீ சொன்னது சரி. ஒரு கரை மாறினால் அது இரண்டாம் தரம் என்று கேட்டே வளர்ந்தவள் நான். மாறியிருந்தால்தான் வழி என்று எனக்குத் தோன்றவே இல்லை. திருத்தி எழுதியிருக்கிறேன், உள்ளே வைத்திருக்கிறேன். முதலில் கதவிலிருந்து கதவுக்கு ஒரு வழி போகட்டும், அதற்குப் பிறகுதான் சுவர். கண்காட்சிக்கு முன் வந்தால் தட்டு.

அழைப்பிதழ் வந்தது. நைனா கையில்தான் வந்தது. அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். தன் பெயரின் முதல் எழுத்தும் என் பெயரும் அச்சில் இருப்பதைப் பார்த்தார். ஒரு நிமிஷம் அவர் முகம் எப்படி இருந்தது தெரியுமா மனோ, மலர்ந்துதான் இருந்தது. நான் பார்த்தேன். அப்போது பாவா உள்ளே வந்தார். வாங்கிப் படித்தார். "மெட்ராஸ்காரங்களுக்கு இவ பேரு எப்படி மாமா தெரியும்?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

வீடு முழுக்கத் தேடினார்கள். அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்த, நான் போட்டுப் பார்த்த மாளிகைத் தாள்கள் எல்லாம் கிடைத்தன. பாவா அவற்றைத் தரையில் பரப்பினார். நான் போட்ட குறிப்பு எல்லாம் அதில் இருக்கிறது. 'இங்கே விளக்கை மறை.' 'பூதம் இந்த அறையில் தூங்கும்.' 'இதுதான் வெளிக் கதவு.' 'எண்ணெய் தீர்வதற்குள் போய்விட வேண்டும்.' பாவா ஒவ்வொன்றாக விரல் வைத்து நைனாவுக்குப் படித்துக் காட்டினார். இது கூடம், இது தறி ரூம், இது கொல்லைக் கதவு, ஓடிப்போக பிளான் போட்டுகினு இருக்கா என்றார்.

ஆட்டம் என்று சொன்னேன். கம்ப்யூட்டர் கட்டுகிற வீடு என்று சொன்னேன். எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

நைனா அடிக்கவில்லை. அந்தத் தாளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "பூதம்னு போட்டிருக்கியே, அது நானா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் எழுந்து போய்த் தறியைப் போட்டார். பகலில் கரண்டு இல்லை, போட்டது ஓடவில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

தாள்களை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார்கள். கார்த்திகையில் இனி முகூர்த்தம் இல்லையாம், மார்கழியில் கல்யாணம் செய்யமாட்டார்கள், அதனால்தான் இன்னும் நடக்கவில்லை. தை பிறந்ததும் முதல் முகூர்த்தம். மார்கழிதான் எனக்கு மிச்சம் இருக்கிற எண்ணெய்.

மனோ, எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. நீ பதில் எழுதினால் சின்னதாக மடி.

காஞ்சனா


பெரம்பூர்
21-12-1986

என் காஞ்சனா,

வீட்டு விலாசத்தைக் கொடுத்தது நான். மன்னிப்பு என்று எழுதி இந்தத் தாளை வீணாக்கமாட்டேன்.

உன் திருத்தம் கண்காட்சிக்கு முதல் நாள் வந்தது. தட்டினேன். வழி இருந்தது. எந்த மாளிகையிலும் வழி இருந்தது. பரிசு நமக்கு இல்லை, ரேஷன் கார்டுக் கணக்கு போட்ட பெண்ணுக்குக் கொடுத்தார்கள். இது வெறும் விளையாட்டாம். ஆனால் பெண்கள் பாலிடெக்னிக்கிலிருந்து வந்த அம்மா ஒருவர், சாப்பாட்டு நேரம் முழுக்க எழுந்திருக்காமல் ஆடினார். அந்த வெளிச்சத்தை யார் எழுதியது என்று கேட்டார். சொன்னேன். கம்ப்யூட்டரை ஒரே தடவைதான் தொட்டிருக்கிறாள் என்றேன், நம்பவில்லை. பிறகு உன் வீட்டில் நடந்ததையும் சொன்னேன். பத்தாவது முடித்திருந்தால் போதும், ஜூனில் சேரலாம், ஹாஸ்டல் இருக்கிறது என்றார். அதுவரைக்கும் அவள் இருக்க இடம் வேண்டுமே என்று அவரே சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அப்பா வேண்டாம் என்றார், அடுத்தவர் வீட்டுப் பெண், போலீஸ் வரும் என்றார். அம்மா ராத்திரி என் பாய் பக்கத்தில் இன்னொரு பாயை விரித்துப் போட்டாள். அது தினமும் விரித்தே இருக்கிறது.

வா என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வந்தால், விடியற்காலை வண்டி சென்ட்ரலுக்கு வரும்போதெல்லாம் நான் கடிகாரத்துக்குக் கீழே நிற்பேன். லீவு விடும் நாளிலிருந்து தினமும்.

மனோ


திருத்தணி
30-12-1986

அன்புள்ள மனோ,

உன் கடிதத்தை அன்னம்மாள் கொண்டுவரவில்லை. என் அம்மா கொண்டுவந்தாள். இடுப்பில் செருகியிருந்ததை எடுத்து, மாவு சலித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எத்தனை நாளாக அன்னம்மாளிடம் வாங்குகிறாள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

இன்று சாயங்காலம் எனக்குத் தலை வாரும்போது கேட்டாள்: "அந்த ஆட்டத்துல எண்ணெய் தீந்துட்டா இன்னாடி ஆவும்?"

"மொதல் படிக்கே போயிடணும்மா."

"தீர்றதுக்குள்ள கதவு கெடச்சிட்டா?"

"அடுத்த படி."

சிக்கெடுத்துக்கொண்டே இருந்தாள். நாளைக்குப் படித் திருவிழா. கல்யாணப் பொண்ணு படிக்குக் கற்பூரம் ஏத்தினா நல்லது என்று நைனாவிடம் அவளே கேட்டு வாங்கிவிட்டாள். நைனாவும் வருகிறார், பாவாவும் வருகிறார். ஆனால் பொம்பளைக் கூட்டத்துக்குள் அவர்கள் வரமுடியாது. பஜனை கோஷ்டி மேலே ஏற ஆரம்பித்தால் யார் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

ரிப்பன் கட்டும்போது சொன்னாள். "கூட்டத்துல கைய வுட்டுடுவேன். பயந்துக்காத, திரும்பிப் பாக்காத."

அழுதால் நைனாவுக்குக் கேட்கும் என்று இரண்டு பேரும் அழவில்லை.

நான் ஓடிப்போகத் திட்டம் போடவில்லை மனோ. சத்தியமாக அப்போது போடவில்லை. அந்தத் தாளில் இருந்தது கம்ப்யூட்டர் கட்டின வீடுதான். இன்றைக்குத்தான் முதல் முறையாக என் ஊரை மனதில் கட்டம் கட்டமாகப் போட்டுப் பார்த்தேன். படிக்கட்டு, கீழே அன்னம்மாள் கடை, குளத்தைச் சுற்றிப் போகும் தெரு, ஸ்டேஷன். எல்லாம் பார்த்த இடம்தான், மங்கலாகத் தெரிகிறது. ஸ்டேஷனுக்கு அப்பால்தான் ஒன்றும் தெரியவில்லை.

அம்மாவை என்ன செய்வார்கள் என்று நினைக்க ஆரம்பித்தால் கால் வராது. அதனால் நினைக்காமல் எழுதுகிறேன்.

இதை நாளைக்குப் படி ஏறும் முன் அன்னம்மாளிடம் கொடுப்பேன். அவள் தபாலில் போட்டு உனக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். நான் அதற்கு முன் வந்துவிட வேண்டும். வந்துவிட்டால் இதை உன் கையிலிருந்து பிடுங்கிக் கிழித்துவிடுவேன், நீ படிக்க விடமாட்டேன். நீ இதைப் படிக்கிறாய் என்றால் நான் வரவில்லை. அப்படியானால் கௌரியம்மாள் டீச்சருக்கு உடனே எழுது. தைக்கு இன்னும் சில நாள் இருக்கும். அந்தப் பாலிடெக்னிக் அம்மாவிடமும் சொல். கடிகாரத்துக்குக் கீழே நிற்பதை மட்டும் நிறுத்தாதே.

ஒரே ஒரு வேலை. நான் வந்தாலும் வராவிட்டாலும் செய். சனிக்கிழமை கேஸட்டைப் போட்டு அந்தப் பூதத்தை எடுத்துவிடு. தாள் ஆறில் இருக்கிறது, நடுவில் இருக்கும் பகுதி முழுவதும். நைனாவிடம் நான் சொல்லாமல் விட்டதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அது இல்லாமலும் ஆட்டம் ஓடும். பயத்துக்கு இருட்டே போதும்.

தறி நின்றுவிட்டது.

காஞ்சனா